இரவல் உறைமோர்

மாலை போட்டிருந்த ஆளின் துண்டில் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

துவைகல்லில் குந்தியிருந்த சிவபாக்கியம் துண்டை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூக்கால் ஏரிப் பக்கமிருந்து ஏறிவந்த மேகம் லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வர, ஈரக் கம்பளியின் வாடையும் சீகை விறகுப் புகையும் யார் வீட்டிலோ கல்லில் கருகுகிற ரொட்டியின் வாடையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குளிரில் தங்கி நின்றன. அத்தனைக்கும் நடுவில் அந்த வாசனை தனியாகத் தெரிந்தது. சாராயம் இல்லை. சாராயத்தை அவள் தூக்கத்தில் மோந்தாலும் சொல்லிவிடுவாள். அதில் வெல்லப் புளிப்பும் வாந்தியும் பீடியும் கலந்திருக்கும். இது சுத்தமாக இருந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸம்மா பஞ்சில் தொட்டுத் தடவுவாளே, அந்த வாசனை. அதற்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு.

கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது அலுப்புதான். கண்டிச் சீமையிலிருந்து கப்பலேறி, மண்டபம் கேம்பில் வரிசையில் நின்று, பேப்பரில் எழுதிக்கொடுத்த ஊருக்கெல்லாம் போய்ப் பார்த்து, கடைசியில் இந்த மலையில் விறகைக் கரியாக்குகிற மூட்டம் போடுகிற வேலைக்கு வந்து ஒதுங்கிய நாளிலிருந்து இருளப்பன் குடித்தான். கூலியைக் குடித்தான், அவள் காதில் கிடந்ததைக் குடித்தான். போன தைப்பூசத்துக்குத்தான், யார் பேச்சைக் கேட்டானோ, பச்சை வேட்டி கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்துபோய், மலையேறி மொட்டை போட்டு, இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தான். சொன்னபடி தொடவில்லை. அந்த ஒரு வருஷம்தான் சிவபாக்கியம் குடித்தனம் நடத்திய வருஷம். இந்த எண்பத்தாறாம் வருஷத்து மார்கழியிலும் மாலை போட்டிருந்தான். வெள்ளனே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தான், தரையில் கம்பளி விரித்துப் படுத்தான், கறியும் கருவாடும் விலக்கி மூன்று வேளையும் தயிர்ச்சோறே தின்றான். அந்தத் துண்டுதான் இப்போது அவள் கையில் இருந்தது.

துண்டை வாளியில் முக்கினாள். அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

மேட்டில், ரோட்டோரத்து ஆராய்ச்சி நிலையத்தில்தான் அவளுக்குச் சோலி. கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்ப்பது, கொதிக்க வைப்பது, கூட்டுவது. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளையான டாக்டர் கந்தவேல் அங்கே ஒரு கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தார். ஏரிச் சேற்றில் எடுத்ததாம். அதை ஊதா விளக்கில் காட்டி, வேறொரு கிருமியின் குணத்தை வெட்டி இதில் ஒட்டி, குளிருக்கும் காற்றுக்கும் சாகாதபடி பழக்கியிருந்தார். அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். இருளப்பன் போடுகிற கரிமூட்டத்தின் புகையைக் குழாய் வைத்து இழுத்து அதற்குக் கொடுத்தால், புகையிலிருக்கிற விஷக்காற்றைத் தின்றுவிட்டு ஸ்பிரிட்டைக் கொடுக்கும். நாளைக்கு லாரியும் பஸ்ஸும் அதில் ஓடும் என்று, உற்சாகமாக இருந்த காலத்தில், டாக்டர் சொல்லுவார். பழைய பானையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுப் பானையில் விட்டுத்தான் கிருமியைப் பெருக்க வேண்டும். அதனால் நிலையத்தில் எல்லாரும் அதை உறை என்றே சொன்னார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

ஆனால் புயல் மழையில் கரண்டு போனதிலிருந்து அவர் உற்சாகமாக இல்லை. கம்பி அறுந்து கம்பம் சாய்ந்து, மேல்மலை முழுக்க இருட்டில் கிடந்தபோது பானைகள் எல்லாம் குளிரில் செத்துப்போயின. பணம் கொடுத்துக்கொண்டிருந்த மெட்ராஸ்காரர்களும் போதும் என்று எழுதிவிட்டார்கள். இப்போது நிலையத்தில் சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டுகிற வேலைதான் நடந்தது.

துண்டை மோந்த அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது ஜன்னல் கதவு, வாசல் கதவு, தகரத்துக்கு அடியிலிருந்த சந்து, எல்லாம் சாக்குத் துணி வைத்து அடைக்கப்பட்டிருந்தன. அறை நடுவில் கணப்புச் சட்டியில் கரி கனன்றது. அதற்கு எதிரே இருளப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க இது? மூச்சு முட்டிச் சாகவா?" என்று ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"தெறக்காத புள்ள. குளுருது."

மூட்டம் போடுகிறவன் அவன். அடைத்த அறையில் கரி எரித்தால் காலையில் பிணம்தான் எழும் என்று லயத்தில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். போன வருஷம் டவுனில் ஹோட்டல் ரூமில் கணப்பு வைத்துப் படுத்த புது ஜோடி எழுந்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டு, அன்று இரவே எல்லா வீட்டு ஜன்னலையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தது. பேச்சு குழறவில்லை. உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்து கிடந்தது. மாலை போட்டதிலிருந்து அவன் வெற்றிலை தொடுவதில்லை.

"எங்கனயாச்சும் போயிட்டு வந்தீங்களா?"

"எங்க போக? சோறு போடு. தயிர் கெடக்கா?"

தயிர் கிடந்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிவபாக்கியத்துக்குப் பெருமை. மார்கழிக் குளிரில் மேல்மலையில் பால் உறைவது லேசில் நடக்காது. ராத்திரி ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே நிற்கும். புயலுக்குப் பிறகு அவள் வீட்டில் மட்டும் தயிர் கட்டியாக, அப்பத்தில் விழுகிற கண்களைப் போலச் சின்னச் சின்னத் துளைகளோடு தோய்ந்தது. அடுத்த வீட்டுச் சின்னத்தாய்தான் முதலில் கிண்ணத்தோடு வந்தாள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்கக் கூடாது என்று இவள் இழுக்க, "ஒங்க வீட்டு லெச்சுமி எங்க வீட்டுக்கு வந்துட்டா நாளைக்கே திருப்பி அனுப்பிர்றேன்க்கா" என்று சிரித்தாள் அவள். பேந்து அவளிடமிருந்து மூக்கையா வீட்டுக்கு, அங்கிருந்து பெருமாயி வீட்டுக்கு. லயத்தில் எல்லார் வீட்டுத் தயிரும் இப்போது இவள் வீட்டுத் தயிர்தான். சிவபாக்கியத்துக்குத்தான் தயிர் ஆகாது. ஒரு வாய் பட்டாலும் நெஞ்சில் சளி கட்டிவிடும்.

ராத்திரி அவள் பிடிவாதமாக ஜன்னலில் ஒரு விரல் சந்து விட்டுவிட்டு அதன் கீழேயே தலை வைத்துப் படுத்தாள். விடிகிற நேரத்தில் ஏதோ சத்தம் கேட்டு விழிப்பு வந்தது. சுடச்சுடத் தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம். கண்ணைத் திறந்தாள். சாம்பல் வெளிச்சம். இருளப்பன் முழங்காலிட்டுக் கணப்புச் சட்டிக்கு மேலே கவிழ்ந்திருந்தான். இரண்டு கையும் தரையில் ஊன்றியிருந்தன. வாய் திறந்திருந்தது. கரியின் செம்மை அவன் பல்லில் தெரிந்தது.

உறிஞ்சினான். நிறுத்தினான். உறிஞ்சினான்.

ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவள்போல் மூச்சு விட்டாள். சிறிது நேரம் கழித்து அவன் ஏப்பம் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் படுத்தபோது, அறை முழுக்க அந்தப் பஞ்சு வாசனை பரவியது.

அன்று முழுக்க அவள் மனசு ஒரே இடத்தில் சுற்றியது. குடிக்கிறான். கரிக்குள் எதையோ போட்டு மோந்து குடிக்கப் பழகியிருக்கிறான். அவன் கூட்டாளிகளுக்கு இதெல்லாம் தெரியும். வார்னிஷைக் குடித்தவர்கள் உண்டு. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு, அவளை முட்டாளாக்கிக்கொண்டு குடிக்கிறான். அப்படி நினைப்பதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது. விடிகாலையில் பார்த்ததற்கு வேறு பேர் வைக்க அவளால் ஆகவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் கேட்டேவிட்டாள்.

"குடிக்கிறீங்கதானே?"

அவன் திடுக்கிடவில்லை. முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "ஒனக்குமா அப்பிடித் தோணுது?" என்றான். "மூக்கையா கேட்டான். கண்ட்ராக்டர் கேட்டாரு. எனக்கே வாசம் வருது புள்ள. எங்கருந்து வருதுன்னுதான் தெரியல."

"என்கிட்ட கதை அளக்காதீங்க. மாலைய அவுத்து வச்சிட்டுக் குடிங்க. சாமியையாச்சும் விடுங்க."

"கற்பூரத்த எடு."

"வேணாம்."

"எடுடீங்கிறேன். அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

இதற்கு மேல் அப்பீல் கிடையாது. கற்பூரத்தை ஏற்றி, ஆண்டவன் பேரைச் சொல்லி, எரிகிற சுடரைக் கையால் அடித்து அணைத்தால், அந்த வார்த்தைக்கு மேல் வேறு வார்த்தை இல்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று பயந்து, கொலைகாரனும் அந்த இடத்தில் பின்வாங்குவான். இவன் குடித்த காலத்தில் ஒருநாளும் கற்பூரத்தைத் தொட்டதில்லை. அவள் பித்தளைத் தட்டில் வில்லையை வைத்துக் கொளுத்தினாள். சத்தியம் செய்தால் நம்ப வேண்டியிருக்கும். செய்யாவிட்டால் அந்த ஒரு வருஷம் போயிற்று. இரண்டில் எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் தட்டை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"பழனி மலை ஆண்டவன் மேல..."

சுடர் அவன் பக்கம் சாய்ந்தது.

காற்று இல்லை. ஜன்னல் அடைத்துத்தான் இருந்தது. மஞ்சளாக நேரே நின்ற சுடர் அவன் பேசப் பேச நீண்டு, நுனியில் நீலம் ஏறி, வாயைத் தேடுவதுபோல் நாக்கை நீட்டியது.

"...சத்தியமா நான் ஒரு சொட்டு..."

நீலம் பற்றியது. உதட்டோரமாக ஓடியது. மழிக்காத தாடி மயிர் நாலைந்து சுருண்டு பொசுங்கின. திறந்த வாய்க்குள், நாக்குக்கு மேலே, பூப்போல ஒரு நீலத் தீ. சத்தமே இல்லை. அவன் முடித்துவிட வேண்டும் என்று, கண்ணில் நீர் வழிய, அவளையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"...குடிக்கல, பாக்கியம்."

ஒவ்வொரு சொல்லும் எரிந்துகொண்டே வந்தது. அவன் வாயை மூடினான். தீ போயிற்று. கையால் தட்டை அடித்தான். இருட்டு.

முதன்முறையாக அவள் அவனை முழுசாக நம்பினாள்.

இருட்டில்தான் எல்லாம் அவளுக்கு ஒன்றாய்ச் சேர்ந்தது. அந்த வாசனை முதலில் துண்டில் வரவில்லை. நிலையத்தில் பானை மூடியைத் திறக்கும்போதெல்லாம் வந்தது. கை கழுவினாலும் விரலிடுக்கில் தங்கியது. கரண்டு போன அன்று டாக்டர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து, "பாக்கியம்மா, இது ஒண்ணுதான் மிச்சம். உங்க வீட்ல கணப்பு இருக்கும்ல, சூடா வச்சிருங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார். தெரிந்த வேலைதான். தயிர்ப் பானையைச் சுற்றி வைக்கிற கம்பளிக்குள்ளேயே, பானையோடு பானையாக, கணப்பை ஒட்டி வைத்தாள். உறையை வேறெங்கே வைப்பார்கள்? காலையில் பாட்டிலின் பஞ்சு மூடி நனைந்து பிதுங்கி, நுரை வழிந்து தயிர்ப் பானையின் வாயிலும் கம்பளியிலும் ஊறியிருந்தது. துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தயிர் அன்றைக்கு வெகு அருமையாக உறைந்திருந்தது.

கணப்பை வெளியே கொண்டுபோய்க் கொட்டி, சாக்குகளை எல்லாம் பிடுங்கி எறிந்தாள். ராத்திரி முழுக்க இருளப்பன் குளிர்காற்றில் கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினான். உதட்டுச் சிவப்பு போய் ஊதாவானது. "கொஞ்சூண்டு கரி மட்டும் போடேன் புள்ள," என்று கெஞ்சினான். சாராயத்துக்குக்கூட அவன் அப்படிக் கெஞ்சியதில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

வெள்ளனே மேட்டுக்கு ஓடினாள். டாக்டர் கந்தவேல் வைக்கோல் குவியலுக்கு நடுவில் பெட்டிமேல் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அவ்வளவு களைத்திருந்தார். நீலத் தீயைச் சொன்னபோதுதான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க திருப்பிக் கொடுத்த பாட்டிலை மைக்ராஸ்கோப்ல பாத்தேன்மா. தயிர்க் கிருமியும் நம்மதும் ஒண்ணா கெடந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்னு..." நெற்றியைத் தேய்த்தார். "வயித்துல போய் உக்காந்திருக்கு. அங்கேருந்து நெஞ்சுக்கூட்டுக்கும் ஏறிருக்கும். அதுக்குப் புகை வேணும். அதான் அவரைக் கேக்க வைக்குது."

"பொழைப்பாராங்க?"

"புகை இல்லாட்டி அது செத்துரும். ஒரு வாரம், புகையே படாத இடமா இருக்கணும். இங்க முடியாது, வீட்டுக்கு வீடு கரி. நான் இப்ப பழனிக்குத்தான் கிளம்பறேன். ஜீப்ல கூட்டிட்டுப் போயி எங்க வீட்டு மாடியில வச்சுக்கிறேன். வெரசா அழைச்சிட்டு வாங்க, ரோட்ல நிக்கறேன்." எழுந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். "நீங்க தயிர் சாப்பிட்டீங்களா?"

"எனக்கு ஆகாதுங்கய்யா."

"நல்லது. வேற யாரும் சாப்பிடலையே?"

அவள் வாயைத் திறந்தாள். சின்னத்தாயின் கிண்ணம். மூக்கையா வீட்டுச் சொம்பு. பெருமாயி வீட்டுத் தூக்குவாளி.

"பாக்கியம்மா? உறை யாருக்காவது கொடுத்தீங்களா?"

அவள் இறங்கி ஓடினாள். இருளப்பனை முதலில் ஏற்றிவிட வேண்டும். மற்றவர்களைப் பேந்து பார்த்துக்கொள்ளலாம். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், நினைத்துக்கொண்டேதான் ஓடினாள்.

மேகம் இதற்குள் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. பாதை ஓரத்துச் சீகை மரங்கள் பாதி வரைக்கும்தான் தெரிந்தன. இலைகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சருகில் விழுகிற சத்தமும், அவள் செருப்பு சேற்றில் ஒட்டிப் பிரிகிற சத்தமும், அவள் மூச்சும் தவிர மலையில் வேறு சத்தமே இல்லை. லயத்தில் இந்நேரம் கோழி கத்தும், ரேடியோ பாடும், குழாயடியில் ஒரு சண்டையாவது நடக்கும்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கம்பளி உதறிப் போட்டபடி கிடந்தது. அவன் இல்லை.

சின்னத்தாய் வீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். மூக்கையா வீட்டில் கணப்பு வெறும் சாம்பல். பெருமாயி வீட்டில் சாம்பல். எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. எல்லா வீட்டிலும் ஜன்னல் சந்துகளில் சாக்கு திணித்திருந்தது. எவ்வளவு நாளாக? அவள் வேலைக்குப் போனதும் வந்ததுமாக, தன் வீட்டுத் துண்டையே மோந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க!" என்று கூப்பிட்டாள். மேகம் குரலை வாங்கிக்கொண்டது.

மூட்டம் போடுகிற இடம் லயத்துக்குப் பின்னால், மரம் வெட்டி வெளுத்த சரிவில். முந்தாநாள் கொளுத்திய மூட்டம் அது. ஆள் உயரத்துக்கு விறகை அடுக்கி, மேலே தழை போட்டு, மண் பூசி, அடியில் சுற்றிலும் புகை போகத் துளை விட்டிருப்பான் இருளப்பன். வேகிற வரைக்கும் ராப்பகலாகப் புகை தள்ளும். எதிர் மலையில் நிற்பவனுக்கும் தெரியும். இவள் வாசனையைப் பிடித்தே கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்விடுவாள். இன்றைக்கு வாசனை வரவில்லை.

நடந்தாள். நிதானமாக. ஓட முடியவில்லை.

முதலில் சத்தம் கேட்டது. தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம். ஒருவர் இல்லை. பலர். ஒன்றாக உறிஞ்சி, ஒன்றாக நிறுத்தி, மறுபடி ஒன்றாக.

மேகம் கொஞ்சம் விலகியது.

மூட்டம் தெரிந்தது. மண் சூட்டில் வெடித்து, இடுக்குகளில் உள்ளே கனல் சிவந்தது. வேகிறது. நன்றாக வேகிறது. மேலே புகை இல்லை. ஒரு இழைகூட இல்லை.

சுற்றிலும் ஆட்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் நெருக்கமாக, முழங்காலிட்டு, மூட்டத்தின்மேல் மார்பைச் சாய்த்து, ஆளுக்கொரு துளையில் வாய் வைத்திருந்தார்கள். மூக்கையா. பெருமாயி, நரைத்த கொண்டை அவிழ்ந்து. வாட்ச்மேன் சின்னக்கருப்பன், தொப்பியோடு. கன்னத்தில் சுட்ட கொப்புளங்கள். யாரும் முகத்தை எடுக்கவில்லை. முதுகுகள் ஏறின, இறங்கின. ஏறின, இறங்கின.

சின்னத்தாய் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கைப்பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தைத் துளைக்கு நேரே பிடித்திருந்தாள், முலைக்குப் பிடிப்பதுபோலவே, தலைக்கடியில் உள்ளங்கை கொடுத்து. பிள்ளை அழவில்லை. சின்ன வாய் சப்பியது. வயிறு நிறைகிற பிள்ளையைப்போல் கால் விரல்களை மடக்கி மடக்கி விரித்தது.

"சின்னத்தாயீ," என்றாள் இவள்.

மேலே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது. ஒருமுறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

வளையத்தின் கடைசியில் ஒரு தலை நிமிர்ந்தது. இருளப்பன். ராத்திரி ஊதாவாக இருந்த உதடு ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கண்ணில் துளி மயக்கம் இல்லை. இருபது வருஷத்துக்கு முந்தி, குடிக்கு முந்தி, கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையை அவளுக்காகச் சுமந்து வந்தவனின் முகம் அது. அந்த முகத்தைத்தான் அவள் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனைத் திட்ட முடியவில்லை. இழுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. அவனைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்துத்தான் பயந்தாள்.

"வாங்க, போயிரலாம். ஜீப்பு நிக்கிது," என்றாள்.

"எங்க போறது?" அவன் பொறுமையாகக் கேட்டான். பேசும்போது வாயோரத்தில் காற்று நடுங்கியது. "நல்லாத்தான் இருக்கேன் பாக்கியம். சாராயம் இல்ல, சண்டை இல்ல. நீதான் ராத்திரியெல்லாம் உக்காந்து அழுவுற. ஒனக்கும் அலுப்பா இருக்குமில்ல?"

இருந்தது. அவன் சொன்னதும் அந்த அலுப்பு முழுக்க முழங்காலில் வந்து இறங்கியது.

ஹாரன் மறுபடி அடித்தது, நீளமாக. ஒரு முதுகும் அசையவில்லை.

இருளப்பன் தன் துளைக்குப் பக்கத்தில் வெந்த மண்ணில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினான். விரல் பொசுங்குகிற வாடை வந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை. திருகித் திருகி விரலை இழுத்தான். புதுத் துளையிலிருந்து புகை வந்தது, வெள்ளையாக, கனமாக, அவள் பக்கமாக. துண்டின் நுனியால் துளையின் விளிம்பைச் சுற்றிலும் அவன் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அவளுக்காகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.